மரம் ஏறுவோருக்கும் உரிமம் வேண்டுமா?

இரண்டாமாண்டு பி.எஸ்சி., தாவரவியல்

தஞ்சை என்றவுடன் எவருக்கும் நெல்தான் நினைவுக்கு வரும். ஆனால் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கங்களிலிருந்து வந்து நம்மோடு பயிலும் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். தங்கள் வீட்டு அடுப்பு எரிவதே தென்னையால்தான் என்பார்கள். காயும் தென்னையுடையது, விறகும் தென்னையுடையது. அந்தத் தென்னையில் ஏறி இறங்கும் மனிதரைப் பற்றித்தான் யாரும் எழுதக் காணோம்.

வீட்டுக்கு மின்கம்பி இழுப்பவர் சான்றிதழ் பெற வேண்டும். லாரி ஓட்டுபவர் உரிமம் பெற வேண்டும். இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு, காலில் தளைக்கயிறு மாட்டி, ஐம்பது அறுபது அடி உயரத்தில் நின்று தொழில் செய்பவருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. நம் நாட்டில் மரத்தை வெட்டுவதற்குத்தான் அனுமதி கேட்கிறார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. வெட்டுபவருக்கு வேலை தெரியுமா என்று கேட்பாரில்லை.

மேனாடுகளில் சிலவிடத்து இதற்கும் சட்டம் உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1919-ஆம் ஆண்டிலேயே மரப் பராமரிப்பாளர்களுக்கு உரிமம் என்று விதித்தது. நியூ ஜெர்சி மாநிலம் 2010-இல் தனிச்சட்டம் இயற்றியது. பிலிப்பைன்ஸ் நாட்டிலோ 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கிலி ரம்பம் வைத்திருப்பதற்கே பதிவு வேண்டும். ஆனால் அங்கே நோக்கம் காட்டைக் காப்பது, ரம்பம் பிடிப்பவரைக் காப்பதன்று. இந்த வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். உரிமம் என்றால் யாரைக் காக்கும் உரிமம்? மரத்தையா, மரத்துக்குடையவரையா, ஏறுபவரையா?

முதலில் மரத்தைப் பார்ப்போம். மா, வேம்பு, புங்கு போன்ற இருவித்திலை மரங்களில், கிளை தண்டோடு சேருமிடத்தில் மோதிரம்போல் சற்றுத் தடித்த பகுதி ஒன்றுண்டு. அதற்குச் சற்று வெளியே வெட்டினால் மரம் காயத்தைச் சுற்றிப் புதுத்திசு வளர்த்து மூடிக்கொள்ளும். தண்டோடு வழித்து வெட்டினாலும் கேடு. முளைபோல் நீட்டி விட்டுவிட்டாலும் கேடு. அழுகல் உள்ளே இறங்கிவிடும். அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து இதை விளக்கினார். நம் உடல் புண்ணை ஆற்றுவதுபோல் மரம் ஆற்றுவதில்லையாம். கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவரெழுப்பி ஒதுக்கிவைத்துவிட்டு மேலே வளர்ந்துகொண்டு போகிறதாம். சாலையோர மரங்களைக் கண்டபடி மொட்டையடிக்கும் கைகளுக்கு இந்தப் பாடம் எட்டவில்லை.

தென்னையின் கதை வேறு. அது ஒருவித்திலைத் தாவரம். அதற்குக் கேம்பியம் இல்லை. ஏறுவதற்கு வசதியாகத் தண்டில் வெட்டும் படிகள் அதன் ஆயுள் முழுவதும் வடுவாகவே நிற்கும். வளரும் நுனியும் ஒன்றே ஒன்றுதான். அரிவாள் தவறிக் குருத்தின் அடி அறுபட்டால் மரமே போயிற்று. பச்சை மட்டையைத் தண்டை ஒட்டி வெட்டக்கூடாது, வெட்டியே தீரவேண்டுமானால் 120 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும் என்பது வேளாண் அறிஞர் கூற்று. ஏனெனில் காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வந்து முட்டையிடும். 1952-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் நம் மாவட்டத்தில் கண்டறியப்பட்டு, நம் ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கும் தஞ்சாவூர் வாடல் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடியும். கீழ்மட்டைகள் மஞ்சளித்துத் தொங்கும். தோப்புக்காரர் கீழே நின்று பார்ப்பதற்கு முன்பே கொண்டைக்குள் கை விட்டவர் கண்டுகொள்வார். பன்னாடையை விலக்கிக் காண்டாமிருக வண்டைக் கம்பியால் குத்தி எடுப்பவரும் அவரே. மரத்துக்கு மருத்துவர் யாரென்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் உரிமம் வைத்துவிடலாமே எனலாம். இங்கேதான் எனக்கு அச்சம். என் தந்தையார் முப்பது ஆண்டுகளாகத் தென்னை ஏறுபவர். கையெழுத்துப் போடுவார், அதற்குமேல் எழுத்தில்லை. இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னபோது, “எனக்கு ஏறத் தெரியுமான்னு மரத்தக் கேட்டாலே சொல்லுமே தம்பி” என்றார். வினாத்தாளும், விண்ணப்பக் கட்டணமும், மாவட்டத் தலைநகருக்கு இரண்டு நாள் அலைச்சலும் வைத்தால், தேர்வில் வெற்றி பெறுபவர் ஏறத் தெரியாத படித்தவராக இருப்பார். ஏறத் தெரிந்தவர் சட்டத்துக்குப் புறம்பானவராகிவிடுவார். அமெரிக்காவில் பலவகைத் தொழில் உரிமங்கள்மீதும் சொல்லப்படும் குறை இதுவே: உள்ளே இருப்பவர் வெளியே நிற்பவருக்குக் கதவைச் சாத்தும் கருவியாக அது மாறிவிடுகிறது.

மரம் ஏறுவோருக்கு உரிமம் என்ற சொல்லோடு பழைய கசப்பும் உண்டு. வெள்ளையர் காலத்தில் 1886-ஆம் ஆண்டு ஆப்காரிச் சட்டத்தின்கீழ் மரவரி கட்டி உரிமம் பெற்றுத்தான் கள் இறக்க முடியும். 1937-இல் மதுவிலக்குச் சட்டம் வந்தது, 1971-இல் தளர்ந்தது, 1974-இல் மீண்டும் இறுகியது, 1981-இல் கடைகள் திறந்தன, 1987 முதல் கள்ளுக்கடை இல்லை. 2017-இல் நீரா இறக்க மட்டும், அதுவும் உழவர் குழுக்களுக்கு, உரிமம் தர விதிகள் வந்தன. ஆக, காகிதம் என்றாலே காவலர் நினைவு வரும் வர்க்கம் இது.

மறுபுறம் கஜா புயலையும் மறக்கலாகாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் அது வீசி ஓய்ந்தபோது நம் பகுதியில் தோப்புத் தோப்பாகத் தென்னைகள் சாய்ந்து கிடந்தன. அரசு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. அந்த 500 ரூபாய் வேலைக்கு ரம்பம் பிடித்தவர் எல்லாரும் இறங்கினர். ஒன்றன்மேல் ஒன்றாக வளைந்து கிடக்கும் மரத்தை எந்தப் பக்கம் முதலில் அறுப்பது என்பது தெரியாவிட்டால் அது வில்போல் நிமிர்ந்து அடிக்கும். அடியில் மின்கம்பியும் கிடக்கலாம். உரிமச் சட்டம் கட்டாயம் வேண்டிய வாரம் அதுதான். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க யாருக்கும் நேரமில்லாத வாரமும் அதுதான்.

என் கருத்து இது. கையால் தென்னை ஏறுவதற்கு உரிமம் வேண்டாம். சங்கிலி ரம்பத்துக்கும், மின்கம்பி அருகே செய்யும் வேலைக்கும் சான்றிதழ் இருக்கட்டும். அதற்கு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. தமிழக அரசு நடத்தும் மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்குப் பள்ளிப் படிப்பைக் கேட்பதில்லை. 21 வயதும் ஐந்தாண்டுப் பட்டறிவும் போதும். அதுபோல் மரத்தடியிலேயே, தமிழிலேயே, செய்துகாட்டும் தேர்வு வைக்கலாம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்று ஆறு நாள் பயிற்சி தந்து, ஏறும் கருவியும் விபத்துக் காப்பீடும் வழங்கி வந்ததே, அதை இதனோடு இணைக்கலாம். பட்டுக்கோட்டையை அடுத்த வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தேர்வு நடத்தத் தோப்புக்குப் பஞ்சமில்லை. தேர்வாளர் மேசையில் பேராசிரியரோடு, முப்பதாண்டு ஏறிய முதியவர் ஒருவரும் உட்கார வேண்டும். அவருக்கு அன்றையக் கூலியை அரசு கொடுத்துவிட வேண்டும்; ஏனெனில் தேர்வு நாளன்று அவர் மரம் ஏறியிருக்க மாட்டார்.