குளிர்பெட்டியும் தள்ளுவண்டியும்

இண்டியானா ஜோன்ஸ் கதை 1989-இல் மூன்றாவது படத்தோடு முடிந்தது என்றிருந்தோம், நானும் என் மகனும். 19 ஆண்டுகள் கழித்து, 2008-இல் நான்காவது வந்தது. படப்பிடிப்பின்போது ஹாரிசன் ஃபோர்டுக்கு வயது 65. அணுகுண்டுச் சோதனையிலிருந்து தப்ப, ஈயத்தகடு பதித்த குளிர்பெட்டிக்குள் புகுந்துகொள்வார். பெட்டி பறந்துபோய் விழும். மனிதர் எழுந்து நடப்பார்! ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். என் மகனும்தான்.

அவன் சொன்னது சரி. ஈயம் கதிர்வீச்சைத் தடுக்கும், விழுகிற அதிர்ச்சியைத் தடுக்காது. ஆனால் 1984 படத்தில் சுரங்கத் தள்ளுவண்டி அறுந்த தண்டவாளத்தைத் தாண்டி, மறுபக்கத்துத் தண்டவாளத்தில் கச்சிதமாக உட்காருமே? தடம்புரண்ட ஒரு வேகனை ஏற்ற இரவெல்லாம் ஜாக்கியோடு மல்லாடியவன் நான். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் விளிம்பு ஓர் அங்குலத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். இருந்தும் அன்று கைதட்டினேன்.

அந்தச் சுரங்கத்தில் பல காட்சிகள் சிறு மாதிரிகளைக் கையால் செய்து எடுத்தவை. வண்டிக்குக் கனம் இருப்பதாகக் கண் நம்பியது. 2008-இல் கொடியில் ஆடிய குரங்குகள் கணினியில் பிறந்தவை, கனமே தெரியவில்லை. குளிர்பெட்டி வீணாக ஏச்சு வாங்கியது என்பது என் கட்சி. மகன் ஒப்பவில்லை.

"இனி இந்தப் படமே வேண்டாம்" என்றவன், 2023-இல் ஐந்தாவது வந்தபோது இரண்டு டிக்கெட்டோடு வந்து நின்றான்.