பட்டுப் பசைநீக்கக் கரைசலும் நெகிழிக் கலன்களும்

திருப்புட்குழியை அடுத்த காஞ்சிபுரத்தின் பட்டுத்தொழிலில், கச்சா நூலைப் போர்த்தியுள்ள செரிசின் என்னும் பசைப்புரதம் சாயமேற்றுமுன் சோப்பும் சோடியம் கார்பனேட்டும் கலந்த கொதிநீரில் நீக்கப்படுகிறது. நூலின் எடையில் 20 முதல் 25 விழுக்காடு வரை இதனாற் குறையும். கொதிகலன் உலோகமே; கரைசலைக் கலந்து வைக்கவும் முகந்து ஊற்றவும் நெகிழிக் கலனை நாடுவோர் அதன் வகையறிதல் வேண்டும்.

சோடியம் கார்பனேட் உப்பு வகையினதே. ஆயினும் நீரில் அதன் கார்பனேட் அயனி ஹைட்ராக்சைடைத் தோற்றுவிப்பதால், லிட்டருக்கு 10 கிராம் கரைந்த நீரின் பிஎச் மதிப்பு 11-ஐத் தாண்டுகிறது. எனவே, சமையலுப்புக் கரைசலைத் தாங்கிய கலன் இதனையும் தாங்கும் எனக் கொள்ளலாகாது.

ஹைட்ராக்சைடு தாக்குவது எஸ்டர், கார்பனேட் பிணைப்புகளையே. குடிநீர்ப் புட்டிகளின் பெட் நெகிழியில் முன்னதும், தண்ணீர்க் கேன்கள் பலவற்றின் பாலிகார்பனேட்டில் பின்னதும் முதற்சங்கிலியிலேயே அமைந்துள்ளன. சூடான காரத்தில் சங்கிலி அறுபடும். பாலிகார்பனேட்டாயின் பிஸ்பீனால்-ஏ வெளிப்படும். பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் ஆகியவற்றின் சங்கிலியோ கார்பன்-கார்பன் பிணைப்பாலானது. காரத்திற்கு அங்கே பிடியில்லை.

வெப்பம் தனிச்சிக்கல். உயரடர் பாலிஎத்திலீன் 130 பாகை செல்சியசை ஒட்டி உருகுமெனினும் அதற்கு வெகுமுன்பே தளரும். 160 பாகையளவில் உருகும் பாலிபுரொப்பிலீன் மேலானது.

பொருத்த அட்டவணைகள் பெரும்பாலும் வேதிப்பொருள்களைத் தனித்தனியே மதிப்பிடுபவை. இங்கோ சோப்பும் உடனுள்ளது. காரத்தால் கேடுறாத பாலிஎத்திலீன், இழுவிசைக்கு உட்பட்ட இடங்களில், குறிப்பாகக் கைப்பிடியின் அடியில், சோப்புநீரால் விரிசலுறும். எடையிழப்புச் சோதனை இதைக் காட்டாது. கீறி வளைத்த பட்டையை அக்கரைசலிலேயே அமிழ்த்திப் பார்த்தல் வேண்டும்.