ஸெயிண்ட் ஹெலினாவுக்குப் போகலாமா?

காசிக்கும் கைலாஸத்துக்கும் போய் வர ஆசைப்படுகிறவர்களை நாம் அறிவோம். லண்டனையும் பாரிஸையும் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று சங்கற்பம் செய்துகொண்டிருப்பவர்களையும் அறிவோம். ஆனால் ஸெயிண்ட் ஹெலினாவுக்குப் போக வேண்டும் என்று சொன்ன மனிதரைச் சென்ற மாதந்தான் முதன் முதலாகச் சந்தித்தோம்.

சரித்திரப் புத்தகம் கையில் இருந்தால் சாப்பாட்டையும் மறந்துவிடும் நண்பர் அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பெரியதொரு தேசப் படப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அட்லாண்டிக் சமுத்திரம் இருந்த பக்கத்தை விரித்து, அதன் நடுவே ஒரு புள்ளியின்மேல் விரலை வைத்தார். ஏதோ ஈ செய்த வேலை என்று எண்ணி நாம் அதைத் துடைக்கப் போனோம்.

"துடைத்தாலும் போகாது. நெப்போலியனைச் சிறை வைத்த தீவு அதுதான். நாம் இருவரும் அங்கே போகப் போகிறோம்" என்றார் நண்பர்.

போகலாமா, கூடாதா, போவதானால் எவ்வாறு போவது, போய் எதைப் பார்ப்பது என்று அன்று முதல் ஆராய்ந்து வருகிறோம். அந்த ஆராய்ச்சியின் பலனை நேயர்களுக்கும் பகிர்ந்தளிக்க வேண்டியது நமது கடமையல்லவா?

எங்கே இருக்கிறது?

பூமத்திய ரேகைக்குத் தெற்கே 16-வது பாகையில், உஷ்ண மண்டலத்திலே, நாற்புறமும் சமுத்திரம் சூழ நிற்கிறது இத்தீவு. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கும் இதற்கும் இடையே சுமார் 1,200 மைல் தூரம். தீவின் நீளம் பத்து மைல். அகலம் அதில் பாதி. எரிமலை கக்கிய பாறைகள் கரையோரமெங்கும் செங்குத்தான சுவர்களைப்போல் எழுந்து நிற்கின்றன. உள்ளே ஏறிச் சென்றாலோ புல்வெளிகளும் பசுமையான குன்றுகளும் காணப்படுமாம். 2,600 அடிக்கு மேல் உயர்ந்த டயானா சிகரத்தை மேகம் மூடிக்கொண்டிருக்கும். உலகில் வேறெங்கும் இல்லாத மரங்களும் பெரணிகளும் அங்கே வளர்கின்றன.

1502-ம் வருஷத்தில் போர்த்துகீஸியர் இத்தீவைக் கண்டபோது அங்கே மனிதர் எவரும் இல்லை. இன்று வாழும் சுமார் நாலாயிரம் ஜனங்களும், வந்து குடியேறியவர்களின் சந்ததியார். அல்லது பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார். இங்கிலீஷ்காரர், ஆப்பிரிக்கர், மடகாஸ்கர் தீவினர், இந்தியர், சீனர் ஆகிய எல்லாருடைய இரத்தமும் அவர்களிடம் கலந்திருக்கிறது.

இந்தியர் அங்கே எப்படிப் போனார்கள்? நமது நாட்டைப் பிடித்த அதே கிழக்கிந்தியக் கம்பெனிதான் 1659 முதல் 1834 வரையில் ஸெயிண்ட் ஹெலினாவையும் ஆண்டது. நம் நாட்டுத் துணியையும் சீனத்துத் தேயிலையையும் ஏற்றிச் சென்ற கப்பல்களுக்கு நடு வழியில் தண்ணீரும் காய்கறியும் கிடைக்கும் தர்மசத்திரம் அது. சத்திரத்தில் வேலை செய்ய அடிமைகள் வேண்டியிருந்தார்கள். அவர்களில் நம் பக்கத்து மனிதர்களும் இருந்தார்கள்.

எப்படிப் போவது?

2017-ம் வருஷம் வரையில் இத்தீவுக்குப் போக விரும்பியவர்கள் கேப் டவுனில் தபால் கப்பல் ஏறி, ஐந்தாறு நாள் அலைகளோடு போராட வேண்டியிருந்தது. இப்போது ஆகாய விமானம் வந்துவிட்டது. அது வந்த கதை ஒரு புராணத்துக்குச் சமானம்.

விமான நிலையம் அமைக்கத் தீவில் சமதரை இல்லை. ஆகவே ஒரு பள்ளத்தாக்கையே ஏறக்குறைய 80 லட்சம் கன மீட்டர் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பினார்கள். பிரிட்டிஷ் சர்க்காருக்கு 28 கோடியே 50 லட்சம் பவுன் செலவாயிற்று. 2016-ல் எல்லாம் தயாரான பிறகு பார்த்தால், ஓடுபாதைக்கு மேலே காற்று திடீர் திடீரென்று திசையும் வேகமும் மாறிச் சுழன்றடித்தது! பெரிய விமானங்கள் இறங்குவது அபாயம் என்று தெரிந்தது. கடைசியில் 1917-க்குச் சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, 2017-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதியன்று, ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து சிறிய விமானம் ஒன்று கிரமமான போக்குவரத்தின் முதல் பிரயாணிகளைக் கொண்டு வந்து இறக்கியது.

ஆகவே நம்மவர்கள் முதலில் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு விமானந்தான். காற்றும் பனிமூட்டமும் மனம் வைத்தால்தான் அது இறங்கும். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பவும் நேரும். எனவே தீவில் ஒரு வாரம் தங்குவதென்றால், கையில் பத்துப் பதினைந்து நாள் அவகாசம் வைத்துக்கொள்ள வேண்டும். லீவு கொடுக்கும் எஜமானரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது க்ஷேமம்.

தென்னாப்பிரிக்காவின் வழியே செல்வதற்கான விசாவையும் தீவின் பிரவேச அனுமதியையும் புறப்படுவதற்கு வெகு நாள் முன்னதாகவே விசாரித்துப் பெற வேண்டும். கடுமையான நோய் கண்டால் விமானத்தில் வெளியூருக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் இன்ஷூரன்ஸ் இல்லாமல் தீவில் அனுமதிப்பதில்லை. தீவுக்குத் தனி நாணயம் உண்டு. அது இங்கிலீஷ் பவுனுக்குச் சமம். ஆனால் தீவை விட்டு வெளியேறினால் அதை யாரும் சீந்தமாட்டார்கள். பழம், காய், விதை, பூ, செடி எதையும் கொண்டுபோகக் கூடாது. வெளியிலிருந்து ஒரு பூச்சியோ வித்தோ வந்தால், வேறெங்கும் இல்லாத அந்தத் தாவரங்கள் அழிந்துபோகும் என்று அஞ்சுகிறார்கள். ஊறுகாய் ஜாடியைப்பற்றிச் சுங்க அதிகாரிகளின் அபிப்பிராயம் என்னவோ, அதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

சிறைகளின் தீவு

நண்பர் ஒரு தாளில் அழகாகத் திட்டம் எழுதி வந்தார். முதல் நாள் லாங்வுட் மாளிகை. 1815-ம் வருஷம் அக்டோபரில் தீவுக்கு வந்த நெப்போலியன், அவ்வருஷம் டிஸம்பர் முதல் 1821 மே 5-ந் தேதி உயிர் விடும் வரையில் அங்கேதான் இருந்தான். ஈரமும் எலிகளும் நிறைந்த வீடு என்று அவனும் அவனுடைய பரிவாரமும் ஓயாமல் முறையிட்டார்கள். இன்று அந்த வீடும், அவனைப் புதைத்த இடமும் பிரெஞ்சு சர்க்காரின் சொத்து, 1858-ல் வாங்கினார்கள்.

இரண்டாம் நாள் அந்தக் கல்லறை. அதன்மேல் எழுத்து எதுவும் இல்லை. "நெப்போலியன்" என்று மட்டும் பொறிக்க வேண்டும் என்றார்கள் பிரெஞ்சுக்காரர்கள். அது ராஜாக்களின் வழக்கம். "போனபார்ட்" என்பதையும் சேர்த்தே தீர வேண்டும் என்றார் பிரிட்டிஷ் கவர்னர். தகராறு தீரவில்லை, வெறுங்கல்லைப் போட்டு மூடினார்கள். 1840-ல் உடலையும் பாரிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்று பிரயாணிகள் போய்ப் பார்ப்பது, பெயரும் இல்லாத, உள்ளே ஆளும் இல்லாத கல்லறையையே!

மூன்றாம் நாள் ஜேம்ஸ்டவுன் பட்டணத்தில் 699 படிகள் கொண்ட "யாக்கோபின் ஏணி". பிறகு கவர்னர் மாளிகை. 1882-ல் ஸெஷெல்ஸ் தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஜோனதன் என்ற ஆமையால் புகழ் பெற்ற இடம் அது. அந்த ஆமை வந்தபோதே முழு வளர்ச்சி அடைந்திருந்ததாம்!

சிறைவாசம் செய்தவன் நெப்போலியன் ஒருவன் மட்டும் அல்ல. தீவின் முதற்குடியே ஒரு தண்டனைக்காரன்தான். பெர்னாவோ லோபெஸ் என்ற அந்தப் போர்த்துகீஸியச் சிப்பாய், நமது கோவாவில் தன் படையை விட்டு நீங்கி எதிர்த் தரப்பில் சேர்ந்தான். அதற்காக அல்புகெர்க், அவனுடைய மூக்கையும் காதுகளையும் வலது கையையும் இடது கைப் பெருவிரலையும் அறுக்கச் செய்தான். ஊர் திரும்பும் வழியில் ஸெயிண்ட் ஹெலினாவில் இறங்கி ஒளிந்துகொண்ட லோபெஸ், பெரும்பாலும் தனியாகவே முப்பது வருஷ காலம் அங்கே வாழ்ந்தான்.

1890-ல் ஜூலு அரசன் தினுஜுலு அங்கே நாடு கடத்தப்பட்டான். ஏழு வருஷம் இருந்தான். 1900-ம் வருஷம் முதல் சுமார் 6,000 போயர் கைதிகள் கூடாரங்களில் அடைக்கப்பட்டார்கள். 1957-ல் கூட, பஹ்ரைன் தேசத்தின் அரசியல் கைதிகள் மூவரைக் கொண்டுவந்து வைத்தார்கள். 1961-ல்தான் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. அந்தமானை மறக்காத நமக்கு இந்த வழக்கம் புதிதன்று.

பட்டியலில் இல்லாத பள்ளத்தாக்கு

நண்பரின் தாளைப் படித்துவிட்டு, "ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கு எந்த நாளில்?" என்று கேட்டோம். "அங்கே என்ன இருக்கிறது? சரக்குத் துறையும் எண்ணெய்த் தொட்டிகளும்தானே?" என்றார்.

அங்கே இருப்பது இதுதான். அடிமை வியாபாரத்தைத் தடுக்கப் புறப்பட்ட பிரிட்டிஷ் கடற்படை, வழியில் பிடித்த அடிமைக் கப்பல்களை 1840 முதல் முப்பது வருஷ காலம் ஸெயிண்ட் ஹெலினாவுக்குக் கொண்டுவந்தது. கப்பல்களின் அடித்தளங்களிலிருந்து 25,000-க்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் இறக்கப்பட்டார்கள். அவர்கள் விடுதலை பெற்றவர்கள் என்று காகிதம் சொல்லிற்று. ஆனால் சொந்த ஊருக்கு அவர்களை யாரும் அனுப்பவில்லை. பிழைத்தவர்களில் பெரும்பாலோர் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கயானாவுக்கும் கூலிகளாக ஏற்றப்பட்டார்கள். சுமார் 8,000 பேர் பசியாலும் நோயாலும் மடிந்து, அப்பள்ளத்தாக்கிலேயே புதைக்கப்பட்டார்கள். அவர்களுடைய பெயரைக் குறித்து எந்தக் கவர்னரும் தகராறு செய்யவில்லை; பெயரை யாரும் கேட்கவே இல்லை.

நம்மை ஏற்றிச் செல்லப் போகும் அதே விமானத்துக்காக 2008-ல் சாலை அமைக்க முற்பட்டபோது, 325 பேருடைய எலும்புகளை வெளியே எடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினர், குழந்தைகளும் பலர். சிலருடன் மணிகளும் காப்புகளும் கிடந்தன. எலும்புகள் பெட்டிகளில் வைக்கப்பட்டுப் பல வருஷம் ஒரு பண்டக சாலையில் காத்திருந்தன. 2022 ஆகஸ்டில்தான் அதே பள்ளத்தாக்கில் மீண்டும் அடக்கம் செய்தார்கள்.

அந்தக் காலத்திலேதான் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் நம்மவர்களை மேற்கிந்தியக் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றிச் சென்ற கப்பல்கள், தண்ணீர் பிடிக்க ஸெயிண்ட் ஹெலினாவில் நிற்பது வழக்கம். இரு கூட்டத்தாரும் ஒரே தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

நண்பர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேனாவை எடுத்து, "முதல் நாள் - லாங்வுட்" என்பதை அடித்துவிட்டு, "முதல் நாள் காலை - ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கு" என்று எழுதினார்.

இவ்வளவையும் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த நமது தாயார், "போகிறவர்கள் அந்தக் குழந்தைகளுக்கு ஒரு முழம் பூவாவது கொண்டுபோங்கள்" என்றார். தீவின் சட்டம் அதற்கு இடம் கொடாது என்பதைச் சொன்னோம்.

"அப்படியானால் அங்கே பூக்கிற பூவைப் பறித்துப் போடுங்கள்" என்றார் தாயார். அதையும் திட்டத்தில் எழுதிக்கொண்டோம்.