கொழும்பு பேச்சுவார்த்தைக்கு போகும் மீனவர் பையில் என்ன இருக்க வேண்டும்? பாஸ்போர்ட் முதல் படகு ஆர்.சி. வரை விவரம்

கோட்டைப்பட்டினம்:

புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகு மீனவர்களில் பலர் வாழ்க்கையில் முதன் முதலாக விமானம் ஏறுவது கொழும்பில் இருந்து சென்னைக்குத்தான். போகும்போது படகு, வரும்போது பிளேன். இலங்கை கடற்படையிடம் சிக்கி, சிறையில் இருந்து, கோர்ட்டு விடுதலை செய்த பிறகு இந்திய தூதரகம் அவசர பயண சான்றிதழ் கொடுத்து அனுப்பி வைக்கும். சென்னை விமான நிலையத்தில் மீன்வளத்துறை அதிகாரிகள் வேன் பிடித்து ஊருக்கு அனுப்புவார்கள். கையில் பாஸ்போர்ட் கிடையாது, பெட்டி கிடையாது. கைலியோடு போனவர் கைலியோடு வந்து இறங்குவதும் உண்டு.

அதே கொழும்புக்கு முறைப்படி விமானம் ஏறி, பேச்சுவார்த்தை மேஜையில் உட்கார போகும் மீனவ பிரதிநிதியின் கதை வேறு. அதற்கு என்னென்ன வேண்டும், எங்கெங்கே சிக்கல் வரும், யார் போகலாம், யார் போக முடியாது என்பது கடற்கரையில் பாதி பேருக்கு தெரியாது. கூட்டம் அறிவித்த பிறகு ஓடுவதால்தான் பல நேரங்களில் போக வேண்டியவர் போக முடியாமல் போகிறது. இது பற்றிய விவரம் வருமாறு:-

அமைச்சர் கூட்டம் வேறு, மீனவர் கூட்டம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தை தீர்த்துக் கொள்ள வேண்டும். இரு நாட்டு அமைச்சர்கள் சந்திக்கும் கூட்டத்தில் மீனவர்களுக்கு நாற்காலி கிடையாது. அமைச்சர்களும் அதிகாரிகளும் மட்டும்தான். மீனவர்கள் மீனவர்களோடு பேசுவது தனி பேச்சுவார்த்தை. இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு பயணத்துக்கு தயாராவதில் அர்த்தம் இல்லை.

மீனவர் பேச்சுவார்த்தை 2014-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி சென்னையிலும், அதே ஆண்டு மே 12-ந் தேதி கொழும்பிலும், 2015-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி மறுபடியும் சென்னையிலும் நடந்தது. 2016-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி டெல்லியில் மீனவர்கள் பேசினார்கள். அது முடிந்து 3 நாள் கழித்து, நவம்பர் 5-ந் தேதி அதே டெல்லியில் இரு நாட்டு வெளியுறவு, மீன்வளத்துறை அமைச்சர்கள் பேசினார்கள். அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த சுஷ்மா சுவராஜ், இலங்கை தரப்பில் மங்கள சமரவீர, மகிந்த அமரவீர ஆகியோர் கலந்து கொண்ட கூட்டம் அது. அடுத்த அமைச்சர் கூட்டம் 2017-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி கொழும்பில் நடந்தது.

டெல்லி கூட்டத்தில் எடுத்த முடிவு என்ன தெரியுமா? அதிகாரிகள் அடங்கிய கூட்டுப் பணிக்குழு 3 மாதத்துக்கு ஒரு தடவை கூட வேண்டும், அமைச்சர்கள் 6 மாதத்துக்கு ஒரு தடவை சந்திக்க வேண்டும் என்பது. பணிக்குழுவின் முதல் கூட்டம் 2016-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி நடந்தது. 6-வது கூட்டம் 2024-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி கொழும்பில் நடந்தது. 3 மாதத்துக்கு ஒன்று என்று விரல் விட்டு எண்ணினால் அதற்குள் 30-ஐ தாண்டி இருக்க வேண்டும். நடந்தது 6. ஆகவே அடுத்த கூட்டம் எப்போது என்று காத்திருந்து பாஸ்போர்ட் எடுக்கக் கூடாது. முன்கூட்டியே எடுத்து பெட்டியில் வைக்க வேண்டியதுதான்.

பாஸ்போர்ட்டில் வரும் தலைவலி

புதுக்கோட்டை மாவட்டம் திருச்சி மண்டல பாஸ்போர்ட் அலுவலக எல்லையில் வருகிறது. ஆன்லைனில் பதிவு செய்து, 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு ரூ.1,500 கட்ட வேண்டும். அவசரத்துக்கு தட்கல் என்றால் கூடுதலாக ரூ.2,000. பிறகு குறித்த நாளில் நேரில் போய் கைரேகை, போட்டோ கொடுக்க வேண்டும். போலீஸ் விசாரணை வரும்.

அந்த இடத்தில்தான் மீனவர் சங்க பொறுப்பாளர்களுக்கு மாட்டிக்கொள்ளும். சக மீனவர்கள் கைதானால் ஊரே திரண்டு சாலை மறியல் செய்யும். மறியல் செய்தால் வழக்கு. முன்னால் நிற்பவர் பெயர்தான் முதலில் எழுதப்படும். கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நிலுவையில் இருப்பவருக்கு பாஸ்போர்ட் மறுக்க 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தில் இடம் இருக்கிறது. வழி இல்லாமல் இல்லை. வழக்கு நடக்கும் கோர்ட்டிலேயே மனு போட்டு வெளிநாடு போக அனுமதி உத்தரவு வாங்கி கொடுத்தால் பாஸ்போர்ட் கிடைக்கும். உத்தரவில் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஒரு வருடத்துக்குத்தான் தருவார்கள். இதற்கு ஆகும் நாட்களை கணக்கு போட்டால், கூட்டத்துக்கு 10 நாள் இருக்கும்போது ஓடி பயன் இல்லை. ஊருக்காக போராடியவரே ஊருக்காக பேச போக முடியாமல் நிற்பது கொடுமைதான்.

அடுத்தது பெயர். ஆதார் கார்டில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, படகு பதிவில் ஒரு மாதிரி இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் மட்டும் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். விமான டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். டிராவல்ஸ்காரரிடம் போனில் பெயர் சொல்லி டிக்கெட் போட்டால் ஏர்போர்ட்டில் நிற்க வேண்டி வரும்.

10-ம் வகுப்பு பாஸ் ஆகாதவர்கள் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்ற குறிப்பு வரும். அதைப் பார்த்து பலர் பயந்து போகிறார்கள். பயப்பட தேவை இல்லை. வளைகுடா நாடுகள், மலேசியா போன்ற 18 நாடுகளுக்கு வேலைக்கு போகும்போதுதான் அந்த சோதனை. இலங்கை அந்த பட்டியலில் இல்லை. கூட்டத்துக்கு போவது வேலைக்கு போவதும் இல்லை.

இலங்கைக்கு போகுமுன் இ.டி.ஏ. எனும் மின்னணு பயண அனுமதி பெற வேண்டும். கட்டணம், சலுகை எல்லாம் 2023-ம் ஆண்டில் இருந்து பல தடவை மாறிவிட்டதால், இலங்கை அரசின் இணையதளத்தில் அன்றைக்கு பார்த்து கட்டுவதே நல்லது. பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாத காலம் மீதி இருக்க வேண்டும்.

ஏற்கனவே சிறை போனவர் போகலாமா?

கோட்டைப்பட்டினத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. எல்லை தாண்டியதாக பிடிபட்டு இலங்கை கோர்ட்டில் விடுதலை ஆகும் மீனவர்களுக்கு பெரும்பாலும் ஒத்திவைக்கப்பட்ட தண்டனைதான் கொடுக்கிறார்கள். குறிப்பிட்ட வருடங்களுக்குள் மறுபடியும் அதே குற்றத்தில் சிக்கினால் பழைய தண்டனையும் சேர்ந்து கொள்ளும். விமானத்தில் முறைப்படி போவது எல்லை தாண்டிய மீன்பிடிப்பு ஆகாது. ஆனாலும், தண்டனை பெற்று அனுப்பப்பட்டவர் பெயர் அங்குள்ள குடியுரிமை கம்ப்யூட்டரில் எப்படி இருக்கும் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர் குழுவில் இருந்தால் டிக்கெட் எடுக்கும் முன்பே மீன்வளத்துறை மூலம் எழுதி கொடுத்து, சென்னையில் உள்ள இலங்கை துணை தூதரகத்தில் தெளிவு பெற வேண்டும். கோர்ட்டு உத்தரவு நகலையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

பேச்சுவார்த்தைக்கு போகாதவருக்கும் பாஸ்போர்ட் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. பிடிபட்ட படகை திரும்ப கேட்க வேண்டுமானால் உரிமையாளர் குறித்த தேதியில் இலங்கை கோர்ட்டில் ஆவணங்களோடு ஆஜராக வேண்டும். வராவிட்டால் படகு அரசுடமை. 2018-ம் ஆண்டு திருத்தப்பட்ட அந்நாட்டு சட்டத்தில் வெளிநாட்டு படகுகளுக்கு நீளத்தை பொறுத்து 50 லட்சம் முதல் 17½ கோடி வரை (இலங்கை ரூபாய்) அபராதம் விதிக்க வழி இருக்கிறது. லட்சக்கணக்கில் கடன் வாங்கி கட்டிய படகை, பாஸ்போர்ட் இல்லாத குறைக்காக இழப்பதை என்னவென்று சொல்வது?

பெயர் பட்டியல் போகும் பாதை

சங்கங்கள் கொடுக்கும் பெயர்கள் மாவட்ட மீன்வளத்துறை அதிகாரிகள் வழியாக சென்னைக்கும், அங்கிருந்து மாநில அரசு வழியாக டெல்லிக்கும் போகும். ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சை, நாகை, காரைக்கால் என்று பங்கு பிரிக்கும்போது ஒரு மாவட்டத்துக்கு கிடைப்பது சில இடங்களே. ராமேசுவரத்துக்கு பழக்கமும் சத்தமும் அதிகம். கோட்டைப்பட்டினம் பின்னால் தள்ளப்படாமல் இருக்க, பாஸ்போர்ட் உள்ள 4 பேரின் பெயரும் எண்ணும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

அதிகாரிகள், மாநில அமைச்சர்கள் வெளிநாடு போக மத்திய வெளியுறவுத்துறையின் அனுமதி வேண்டும். மீனவருக்கு அது இல்லை. ஆனால் அரசியல் கட்சியில் பொறுப்பு வகிக்கும் சங்க தலைவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வெளிநாட்டு அமைப்பின் செலவில் தங்கி சாப்பிட, வெளிநாட்டு பங்களிப்பு ஒழுங்குமுறை சட்டப்படி மத்திய அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். கட்சி கொடி கட்டிய ஸ்கார்ப்பியோவில் ஏர்போர்ட்டு வரும் அண்ணன்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

எந்த வழி லாபம்?

கொழும்பு என்றால் அறந்தாங்கி, புதுக்கோட்டை வழியாக திருச்சி. அங்கிருந்து ஒரு மணி நேர விமானம். யாழ்ப்பாணம் பக்கம் கூட்டம் என்றால் திருச்சியில் இருந்து 2025-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமான சேவை தொடங்கப்பட்டது. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பலும் 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மீண்டும் ஓட தொடங்கியது. சுமார் 4 மணி நேர பயணம். மழைக்காலத்தில் நிற்கும் என்பதால் கூட்ட தேதியை நம்பி கப்பலை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. 2025-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி மீனவர் பேச்சுவார்த்தை வவுனியாவில் நடந்தது. அந்த மாதிரி கூட்டத்துக்கு கொழும்பில் இறங்குவதை விட யாழ்ப்பாணத்தில் இறங்குவது கிட்டம்.

இந்திய பணம் ரூ.25 ஆயிரத்துக்கு மேல் கையில் எடுத்துப் போகக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. இலங்கையில் 2024-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி முதல் யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்தும் வசதி வந்தது. வெளிநாட்டு பயன்பாட்டை கிளம்பும் முன்பே செயலியில் திறந்து வைக்க வேண்டும். அங்கே போய் ஓ.டி.பி. வரவில்லை என்று முழிக்கக் கூடாது. நேரம் நம்ம நேரம்தான், கடிகாரம் திருப்ப வேண்டாம்.

மொழியும் பெரும்பாலும் நம்ம மொழிதான். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு மீனவர்கள் தமிழில்தான் பேசுவார்கள். அவர்கள் ரோலர் என்று சொல்வது நம்ம விசைப்படகைத்தான். அவர்களின் கோபமும் அதன் மேல்தான். இழுவை மடிக்கு அங்கே 2017-ம் ஆண்டிலேயே தடை சட்டம் வந்துவிட்டது. ஆனால் பேசி முடித்து வெளியிடும் கூட்டறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். கையெழுத்து போடும் முன் வரி வரியாக படித்து சொல்ல ஊரில் படித்த பிள்ளை ஒன்றை கூட அழைத்து போவது செலவு அல்ல.

பையில் துணிமணிக்கு முன்னால் வைக்க வேண்டியது காகிதங்கள். அங்கே நிற்கும் நம்ம படகுகளின் பதிவு எண், பிடிபட்ட தேதி, வழக்கு நடக்கும் கோர்ட்டு, சிறையில் இருப்பவர் பட்டியல் ஆகியவை 2 நகல் வேண்டும். 2021-ம் ஆண்டை மறக்க முடியாது. அந்த ஆண்டு ஜனவரி 18-ந் தேதி கோட்டைப்பட்டினத்தில் இருந்து போன படகில் 4 பேர் உயிரிழந்தனர். கடற்படை கப்பல் மோதி மூழ்கடித்தது என்றனர் மீனவர்கள். தப்பிக்க முயன்றபோது மோதி மூழ்கியது என்றது இலங்கை கடற்படை. அக்டோபர் மாதம் மறுபடியும் ஒரு கோட்டைப்பட்டினம் படகு மூழ்கி ஒருவர் இறந்தார். இந்த இரண்டு சம்பவத்தின் ஆவணங்களும் போகும் ஒவ்வொரு குழுவின் பையிலும் இருக்க வேண்டியவை.

ஜெனீவா என்றால்...

மானியம் சம்பந்தப்பட்ட கூட்டம் உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாடு. 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் ஜெனீவாவில் நடந்த 12-வது மாநாட்டுக்கு இந்திய கடலோர மாநில மீனவர் குழு ஒன்று போய் மானிய வெட்டுக்கு எதிராக குரல் கொடுத்தது. அந்த மாநாட்டில் ஏற்கப்பட்ட மீன்பிடி மானிய ஒப்பந்தம் 2025-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. 13-வது மாநாடு 2024-ம் ஆண்டு அபுதாபியில் நடந்தது.

அங்கும் மாநாட்டு அரங்கில் நாற்காலி அரசுகளுக்குத்தான். தொண்டு அமைப்புகள் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி அட்டை வாங்கலாம். டிக்கெட், ஓட்டல் எல்லாம் சொந்த செலவு. சுவிட்சர்லாந்துக்கு ஷெங்கன் விசா வேண்டும். 30 ஆயிரம் யூரோவுக்கு மருத்துவ காப்பீடு, வங்கி கணக்கு விவரம், வருமான சான்று கேட்பார்கள். மீனவருக்கு ஏது சம்பள சீட்டு? படகு பதிவு, மீனவர் கூட்டுறவு சங்க உறுப்பினர் அட்டை, அழைப்பு கடிதம் மூன்றையும் சேர்த்து வைத்தால் கேள்வி குறையும். 15 நாள் ஆகும் என்பது கணக்கு. 2 மாதம் முன்னால் போடுவது புத்திசாலித்தனம். ஜூன் மாத ஜெனீவா நேரம் நமக்கு 3½ மணி பின்னால்.

தேதி வைப்பவர்கள் கவனிப்பார்களா?

இந்த பகுதி விசைப்படகுகள் கடலுக்கு போவது வாரத்தில் திங்கள், புதன், சனி 3 நாள். டோக்கன் வாங்கி, டீசலும் ஐசும் ஏற்றி கிளம்ப வேண்டும். பேச்சுவார்த்தை தேதிகளை காலண்டரில் வைத்து பாருங்கள். 2014 ஜனவரி 27 திங்கள். 2016 நவம்பர் 2 புதன், நவம்பர் 5 சனி. 2017 ஜனவரி 2 திங்கள். 2025 மார்ச் 26 புதன். படகு உரிமையாளர் ஒருவர் போனால் அன்றைக்கு அவர் படகை பார்க்க ஆள் இல்லை. போக ஒரு நாள், கூட்டம் ஒரு நாள், வர ஒரு நாள் என்றால் வாரத்தில் ஒரு கடலாவது போய்விடும். டிரைவரையும் ஆட்களையும் நம்பி அனுப்பலாம், ஆனால் எல்லை பக்கம் போகாதே என்று சொல்ல உரிமையாளர் கரையில் இருக்க மாட்டார்.

2014-ம் ஆண்டு கொழும்பு கூட்டம் நடந்த மே 12-ந் தேதியும் திங்கள்தான். ஆனால் அது மீன்பிடி தடைக்காலம் என்பதால் யாருக்கும் கடல் நஷ்டம் இல்லை. இப்போது தடைக்காலம் ஏப்ரல் 15-ந் தேதி முதல் ஜூன் 14-ந் தேதி வரை 61 நாள். கூட்டம் கேட்டு டெல்லிக்கு மனு எழுதும் சங்கங்கள் அந்த 61 நாளையும் மனுவிலேயே குறிப்பிட்டு விடலாம்.