ஓடம் வண்டியில் ஏறும்போது

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். காலம் மாறும், கர்வம் வேண்டாம் என்பது அதன் உட்பொருள். இந்தக் கட்டுரைக்கு உட்பொருள் தேவையில்லை. இங்கே பேசப்போவது நிஜமான ஓடம், நிஜமான வண்டி.

கொச்சியில் வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்கள் பல வருஷங்களாகத் தண்ணீரைப் பாலத்தின் மேலிருந்தே பார்த்து வந்தன. இப்போது சிலர் இறங்க ஆரம்பித்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து நம் சங்க அன்பர்கள் மூவர் வீட்டில் கயாக் இருக்கிறது. ஒருவர் பழைய ஃபைபர் கனூ வாங்கிப் போட்டிருக்கிறார். பிள்ளைகள் கடமக்குடிக்கும் கும்பளங்கிக்கும் போக ஆசைப்படுகிறார்கள். ஆலுவாப் பக்கம் பெரியாற்றங்கரையில் வீடு வாங்கியவர்களுக்கோ 2018 வெள்ளத்துக்குப் பிறகு படகு வெறும் விளையாட்டுச் சாமான் அல்ல. ஆனால் வாங்கின மறுநாளே எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இதை எப்படிக் கொண்டு போவது? அதிகச் செலவில்லாமல் எப்படி?

ஒரு தொழிற்சாலையின் சரக்கு அனுப்பும் பிரிவில் 28 வருஷம் இருந்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்கிறது. கயிறு கட்டுவதைப் பார்த்தே தலை நரைத்தவன் நான். சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காருக்குப் பின்னால் இழுத்துப்போக வீட்டில் டிரெய்லர் செய்யும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். உங்கள் காரின் கூரையும், சில நூறு ரூபாய்க்கு நல்ல பட்டையும் கயிறும், கையால் தள்ளுகிற ஒரு சின்ன இருசக்கர வண்டியும் போதும்.

2018 ஆகஸ்டை இங்கே இருந்தவர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகஸ்ட் 9 அன்று, 26 வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, செறுதோணி அணையின் மதகைத் திறந்தார்கள். 15-ம் தேதி நெடும்பாசேரி விமான நிலையத்தை மூடினார்கள். மறுபடி திறந்தது 29-ம் தேதி. செங்ஙன்னூர், ஆலுவா, பரவூர், சாலக்குடி என்று உள்நாட்டு ஊர்களெல்லாம் மூழ்கிக் கிடந்தபோது, கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அரசுக் கணக்கில் 669 படகுகள், 4,537 மீனவர்கள். அவர்கள் கரை சேர்த்தவர்கள் சுமார் 65,000 பேர். ஒரு படகுக்கு ஒரு நாளைக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாக முதலமைச்சர் அறிவித்தார். பணம் வேண்டாம் என்று சொன்ன மீனவர்களும் உண்டு.

அந்தப் படகுகள் தண்ணீரில் செய்ததை எல்லோரும் பேசினார்கள். சாலையில் வந்ததைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. கடலுக்கென்று செய்த நீளப் படகு, லாரித் தட்டைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு, மழையில், இருட்டில் வந்தது. அது வழியில் சரிந்திருந்தால் காப்பாற்ற வந்ததே கொல்வதாகியிருக்கும். கட்டத் தெரிந்தவர்கள் கட்டியதால் வந்து சேர்ந்தது. கட்டுமரம் என்ற பெயரிலேயே கட்டு இருக்கிறது. ஆணியில்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்கிற கெட்டுவள்ளத்தின் பெயரிலும் அதே கட்டுதான். நம் இரண்டு மொழிக்காரர்களுக்கும் இது பரம்பரை வித்தை. அடுக்கு மாடியில் குடியிருப்பதால் மறந்துபோயிருக்கிறோம், அவ்வளவுதான்.

காரின் கூரை

முதலில் படகின் எடையும் நீளமும். பிளாஸ்டிக்கில் வார்த்த, ஒருவர் மேலே உட்கார்ந்து துடுப்பு போடும் பத்தடிக் கயாக் 20 முதல் 25 கிலோ இருக்கும். பதினாறடி ஃபைபர் கனூ முப்பது கிலோவுக்கும் மேல். உங்கள் கார்க் கூரை எவ்வளவு தாங்கும் என்பது காரோடு தந்த கையேட்டில் இருக்கும். பல கார்களுக்கு அது 50 முதல் 75 கிலோவுக்குள். குறுக்குக் கம்பிகளின் எடையும் அதில் சேர்த்தி.

எடையைவிட நீளம்தான் நம் ஊரில் தொல்லை. நான்கு மீட்டருக்கு உட்பட்ட கார்களுக்கு 2006-ல் வரிச் சலுகை வந்ததிலிருந்து, நாம் வாங்குகிற கார்களில் பெரும்பாலானவை குட்டையானவை. ஆல்டோ கே10 சுமார் மூன்றரை மீட்டர். ஸ்விஃப்ட் சுமார் 3.85 மீட்டர். பதினாறடிக் கனூ என்பது 4.88 மீட்டர். ஸ்விஃப்டின் நடுவில் வைத்தாலும் முன்னும் பின்னும் அரை மீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும். சரக்கு அனுமதித்த அளவுக்கு மேல் பக்கத்திலோ முன்னோ பின்னோ உயரத்திலோ நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ம் வருஷத் திருத்தம் சொல்கிறது. அந்த இடத்திலேயே கட்டித் தீர்க்கிற தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறலாம். அதை நம்பி யாரும் படகு ஏற்ற வேண்டாம். பத்தடிக் கயாக் 3.05 மீட்டர்தான், ஆல்டோவின் நிழலுக்குள்ளேயே அடங்கிவிடும். இனிமேல் படகு வாங்கப்போகிறவர்கள் காரை அளந்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

கனூவை எப்போதும் கவிழ்த்தே வைக்க வேண்டும். ஒகேனக்கல்லில் பரிசல்காரர் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான். மேல் விளிம்பு நேராகவும் உறுதியாகவும் இருப்பதால் கம்பிமேல் ஆடாமல் உட்காரும், மழைத் தண்ணீரும் உள்ளே தேங்காது. பிளாஸ்டிக் கயாக்கையும் கவிழ்த்து வைக்கலாம். மல்லாக்க வைத்தால் வெயிலில் சூடேறி, கம்பி பட்ட இடத்தில் அடிப்பாகம் குழிந்துவிடும்.

கூரைக்குக் குறுக்கே இரண்டு கம்பிகள் இருந்தால் உத்தமம். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு அதிக இடைவெளி விட முடியுமோ விடுங்கள். கம்பி இல்லாவிட்டால் கெட்டியான ஃபோம் துண்டுகள் நான்கை விளிம்புக்குக் கீழே கொடுக்கலாம். பழைய மெத்தையை அறுத்தாலும் சரி, மரக்கடையில் கிடைக்கும் பழைய டியூபைச் சுற்றினாலும் சரி. கம்பி இல்லாத காரில் பட்டையைக் கதவுகளைத் திறந்துவைத்து உள்ளே கொடுத்து எடுக்க வேண்டும். ஜன்னல் வழியாகக் கொடுத்துக் கட்டிவிட்டால் கதவு திறக்காது. பிறகு பிள்ளைகளை ஜன்னல் வழியாகத்தான் ஏற்ற வேண்டியிருக்கும்!

இனி கட்டு. இரண்டு பட்டைகள் படகின் முதுகைச் சுற்றி, இரண்டு கயிறுகள் முன்முனையிலும் பின்முனையிலும். இந்த நான்கும் வேண்டும். முனைக் கயிறு எதற்கு என்று கேட்கிறவர்கள் அதிகம். எழுபது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று படகின் மூக்கைத் தூக்கிப் பார்க்கும். மூக்கு தூக்கிவிட்டால் நடுப்பட்டை தாங்காது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளல் நான்கு மடங்காகும். நாற்பதில் ஆடாமல் இருந்த படகு எண்பதில் ஆடுவதற்குக் காரணம் இதுதான். எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவரின் கயாக், முனைக் கயிறு இல்லாமல் புறவழிச் சாலையில் பறந்துபோய் விழுந்தது. பின்னால் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தது ஒரு கணவனும் மனைவியும். பிரேக் பிடித்து, கீழே விழுந்து, முழங்கை சிராய்ப்போடு தப்பித்தார்கள். அவர்கள் இருபதடி முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த அன்பர் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார். பின்னால் வருகிறவருக்கு நம் படகு ஆசை பற்றி என்ன தெரியும்?

பட்டை வாங்கும்போது, பல்லால் கவ்வுகிற சாதாரண பக்கிள் வைத்ததை வாங்குங்கள். லாரிகளில் கட்டுகிற ராட்சட் பட்டையை நெம்பி இறுக்கினால் ஃபைபர் விரிசல் விட்டுவிடும். தட்டையான பட்டை காற்றில் 'உர்ர்' என்று ஓலமிடும். கட்டும்போது ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால் சத்தம் நிற்கும். கயிறு வாங்குவதில் ஒரு நுணுக்கம். நைலான் நனைந்தால் நீளும். இந்த ஊர் மழையில் அரை மணி நேரத்தில் கட்டு தளர்ந்து நிற்கும். பாலியஸ்டர் அப்படி நீளாது.

முடிச்சுக்கு லாரிக்காரர்களிடம் பாடம் கேட்கலாம். கயிற்றின் நடுவே ஒரு கண் போட்டு, நுனியைக் கீழே காரின் இழுகொக்கியில் கொடுத்து, மேலே கொண்டுவந்து அந்தக் கண்ணுக்குள் நுழைத்துக் கீழே இழுப்பார்கள். கண்ணும் கொக்கியும் கப்பி மாதிரி வேலை செய்வதால் ஓர் ஆள் இழுப்பு ஏறக்குறைய மூன்று ஆள் இழுப்பாகிவிடும். உராய்வில் கொஞ்சம் போகும். கண்ணுக்குக் கீழே விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு அரை முடிச்சு போட்டால் தீர்ந்தது. அவிழ்க்கும்போது நுனியை இழுத்தால் போதும், பல்லால் கடிக்க வேண்டாம். வீட்டில் ஜன்னல் கம்பியில் பத்துத் தடவை போட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

கிளம்பி ஐந்து கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்தி எல்லாக் கட்டையும் தொட்டுப் பாருங்கள். அறுபதுக்கு மேல் போகாதீர்கள். கோஸ்ரீ பாலங்களில் பக்கக் காற்று பிடித்துத் தள்ளும், அங்கே இன்னும் மெதுவாக. இன்னொன்று, படகோடு காரின் உயரம் இரண்டு மீட்டரை நெருங்கிவிடும். உங்கள் அடுக்கு மாடியின் தரையடி நிறுத்துமிடத்தில் உத்தரம் எவ்வளவு உயரம் என்று திரும்பி வரும்போது யோசித்துப் பயனில்லை.

டிரெய்லர் ஆசை

பழைய ஸ்கூட்டர் சக்கரம் இரண்டு, இரும்புக் கம்பி, வெல்டிங் பட்டறையில் தெரிந்தவர். டிரெய்லர் ரெடி என்று நம்மவர்கள் கணக்குப் போடுகிறார்கள். வெளிநாட்டுப் படங்களில் பார்த்த காட்சி. இங்கே 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம், மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள்ளேயே டிரெய்லரையும் அடக்கி வைத்திருக்கிறது. அதற்குத் தனிப் பதிவு வேண்டும், எண் பலகை வேண்டும், பின்விளக்கு வேண்டும், காப்பீடு வேண்டும். பட்டறையில் அடித்த வண்டியைப் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் முதல் கேள்வியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். விபத்து நடந்துவிட்டால் காப்பீடு பற்றிப் பேச்சே எழாது. காரில் இழுகொக்கி பொருத்துவதற்கும் தனிக் கேள்விகள் உண்டு. மலிவு என்று தொடங்கி இதைவிட விலை உயர்ந்த வழி வேறு இருக்காது.

கூரைக்கு அடங்காத படகு உள்ளவர்கள் சரக்கு வண்டியை வாடகைக்குப் பிடியுங்கள். நாம் குட்டி யானை என்று சொல்கிற டாடா ஏஸின் தட்டு ஏழடி. பதினாறடிக் கனூவுக்கு அது ஆகாது. பெரிய லாரியே வேண்டும். காலியாகத் திரும்புகிற லாரியை விசாரித்துப் பிடித்தால் வாடகை நன்றாகக் குறையும். நான்கு குடும்பம் சேர்ந்து நான்கு படகை ஒரே நடையில் அனுப்பினால் இன்னும் நல்லது. அடியில் பழைய டயர் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

மர வள்ளம் வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை வேறு. தென்னம்பாளையின் மட்டைக்கு மலையாளத்தில் கொதும்பு என்று பெயர். அந்த மட்டை மாதிரி இருப்பதால் இங்கத்திய சின்ன ஓடத்தைக் கொதும்பு வள்ளம் என்கிறார்கள். அது சாலைக்கு ஆனதல்ல. வெயிலில் காய்ந்தால் மரம் வெடிக்கும். கொண்டு போயே தீர வேண்டுமென்றால் நனைத்த சாக்கைப் போர்த்திக் கொண்டு போங்கள். அதைவிட, கரையில் வீடு உள்ள ஒருவரிடம் சொல்லிவிட்டு அங்கேயே கட்டி வைப்பது மேல். ஓணத்துக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தால் போயிற்று.

இனி, வீட்டில் செய்யத் தகுந்த வண்டி. கார் நிற்கிற இடத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் உள்ள அரைக் கிலோமீட்டர்தான் முதுகை ஒடிப்பது. அதற்கு, பிள்ளைகள் ஓட்டி ஒதுக்கிய சைக்கிளின் 12 அல்லது 16 அங்குலச் சக்கரம் இரண்டு, ஓர் இரும்பு அச்சு, அதன்மேல் ஓரடி இடைவெளியில் இரண்டு மரக்கட்டை, கட்டைமேல் ஃபோம். அவ்வளவுதான். அச்சை நீளமாக விடாதீர்கள், வளையும். வண்டியைப் படகின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் கொடுத்து, ஒரு பட்டையால் படகோடு சேர்த்துக் கட்டிவிட்டால், முன்முனையைப் பிடித்து நடக்கிறவர் கையில் இரண்டு மூன்று கிலோதான் தெரியும். சரியாக நடுவில் வைத்தால் ஆடும். மணலில் கம்பிச் சக்கரம் புதையும். அங்கே அகலமான பிளாஸ்டிக் சக்கரம் வேண்டும். சேறும் செம்மண்ணும் உள்ள நம் கரைகளுக்குச் சைக்கிள் சக்கரமே போதும்.

அப்படி ஒன்றைப் போன மாதம் செய்து சங்க நூலகத்தின் பின்வராந்தாவில் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் நூலகரிடம் பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். ஞாயிறு மாலைக்குள் திருப்பித் தாருங்கள். உப்புத் தண்ணீர் பட்டிருந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, அச்சில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வைக்கவும். இடது டயரில் காற்று மெதுவாக இறங்குகிறது. பம்பு பக்கத்திலேயே இருக்கிறது.