எந்த வறட்சி என்று கேளுங்கள்

"கண்ணில் தண்ணீராகக் கொட்டுகிறது, டாக்டரோ வறட்சி என்கிறார்" என்று குழம்பிப்போகிறவர்கள் நிறையப் பேர். டாக்டர் சொன்னது சரிதான். கண்ணின் மேற்பரப்பு காய்ந்து உறுத்தினால், கண்ணீர்ச் சுரப்பி அவசரமாக நீரைக் கொட்டும். அந்த நீர் கண்ணில் தங்காது, கன்னத்தில் வழிந்துவிடும். நீரைத் தங்கவைப்பது எண்ணெய். இமை விளிம்புகளில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகள் நாம் இமைக்கும்போதெல்லாம் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை நீரின்மேல் பரப்புகின்றன. அந்தச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டால், எவ்வளவு நீர் சுரந்தாலும் ஆவியாகிப் போகும்.

நாள்பட்ட கண் வறட்சி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த எண்ணெய்க் கோளாறு தனியாகவோ, நீர்க் குறைவோடு சேர்ந்தோ இருக்கிறது. அவர்களோ மாதக்கணக்கில் செயற்கைக் கண்ணீரை மட்டும் விட்டுக்கொண்டு, கம்பெனியை மாற்றி மாற்றி வாங்கி, கடைசியில் "எனக்கு எந்த மருந்தும் கேட்கவில்லை" என்று சோர்ந்துவிடுகிறார்கள். என்ன வகை வறட்சி என்று பார்க்காமலே வருடங்கள் போய்விடுகின்றன. எனக்கு ஆறாத வருத்தம் இதில்தான்.

வகையைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவு ஆகாது. கீழிமைக்குள் ஒரு வடிதாள் துண்டைச் செருகி 5 நிமிடம் வைப்பது சிர்மர் சோதனை. 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக நனைந்தால் நீர்ச் சுரப்பு மிகவும் குறைந்திருக்கிறது என்று பொருள். மஞ்சள் சாயம் விட்டு, இமைக்காமல் இருக்கும்போது கண்ணீர்ப் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று பார்ப்பது இன்னொன்று. 10 விநாடிக்குள் உடைந்தால் படலம் நிலையாக இல்லை. இமை விளிம்பை மெல்ல அழுத்தினால் தெளிவான எண்ணெய் வருகிறதா, பற்பசைபோல் கெட்டியாக வருகிறதா என்பதும் தெரிந்துவிடும். ஸ்லிட் லேம்ப் கருவி வைத்திருக்கும் எந்தக் கண் மருத்துவரும் செய்யக்கூடியவை இவை.

எண்ணெய்க் கோளாறு என்றால் வெதுவெதுப்பான ஒத்தடம், இமையை நீவிவிடுதல், விளிம்பைச் சுத்தம் செய்தல் ஆகியவையே முதல் வைத்தியம். நனைத்த துணி ஓரிரு நிமிடத்தில் ஆறிவிடும். மீண்டும் மீண்டும் நனைத்து, தினமும் ஐந்து பத்து நிமிடம் ஒத்தடம் கொடுத்தால்தான் கெட்டிப்பட்ட எண்ணெய் இளகும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஒமேகா-3 மாத்திரைக்கு மாதாமாதம் பணம் கொட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் 535 பேரிடம் ஓராண்டு நடந்து, 2018-இல் வெளியான 'ட்ரீம்' ஆய்வில், ஆலிவ் எண்ணெய் மாத்திரையைவிட அது கூடுதல் பலன் எதையும் தரவில்லை.

அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து வேலை செய்ய மாதங்கள் ஆகும். முதலில் எரியும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பலர் இரண்டே வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அப்பாலும் வழி உண்டு. கண்ணீர் மூக்குக்கு வடியும் துளையைச் சிறு அடைப்பானால் மூடலாம். நோயாளியின் ரத்தத்திலிருந்தே சீரம் பிரித்துச் சொட்டு மருந்தாக விடலாம். கருவிழியைத் தொடாமல், உள்ளே திரவத்தைத் தேக்கி நிற்கும் ஸ்கிளீரல் லென்ஸ் பொருத்தலாம். மாத்திரை ஒவ்வாமையால் வரும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குப் பிறகு கண் திறக்கவே முடியாமல் தவித்தவர்கள் பலருக்கு அந்த லென்ஸ் பார்வையை மீட்டுத் தந்திருக்கிறது.

இரண்டு வகையினரை அடிக்கடி தவறவிடுகிறார்கள். கண்ணோடு வாயும் வறண்டு, மூட்டும் வலித்தால் அது ஷோக்ரன் நோயாக இருக்கலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பிகளைத் தாக்கும் நோய் அது. பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். மாதவிடாய் நிற்கும் வயதில் இதெல்லாம் சகஜம் என்று தள்ளிவிடாமல், ரத்தப் பரிசோதனைக்கும் மூட்டுவாத நிபுணருக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இன்னொரு வகை, பரிசோதனையில் எல்லாம் சீராகத் தெரிந்தும் வலி உயிர்போகும் நிலை. கருவிழி நரம்பே கெட்டுப்போனால் அப்படி வலிக்கும். மனசுதான் காரணம் என்று சொல்லி அனுப்பினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். நரம்பு வலிக்குத் தனி மருந்துகள் இருக்கின்றன.

மருந்தே நோயாவதும் உண்டு. பல புட்டிகளில் இருக்கும் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தி கண் பரப்பை அரிக்கும். தினம் நான்கு முறைக்கு மேல் விடுகிறவர்கள் பதப்படுத்தி இல்லாத மருந்தைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் அதிலும் கவனம் தேவை. சென்னைக்கு அருகே தயாராகி அமெரிக்காவில் விற்ற பதப்படுத்தி இல்லாத செயற்கைக் கண்ணீர் ஒன்றோடு தொடர்புபடுத்தப்பட்ட கிருமித் தொற்றில், 2022-23-இல் அங்கே 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். 14 பேர் பார்வை இழந்தார்கள், 4 பேர் இறந்தார்கள். ஒருமுறை விட்டுத் தூக்கிப் போடும் சிறு குழல்களே பாதுகாப்பானவை. நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள்.

எல்லாவற்றிலும் கொடியது, கடைக்காரர் எடுத்துத் தரும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. சிவப்பும் எரிச்சலும் ஒரே நாளில் அடங்குவதால் அது நல்ல மருந்து என்ற பெயர் வாங்கிவிடுகிறது. மாதக்கணக்கில் விட்டால் கண்ணின் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு சத்தமில்லாமல் அழியும். அழிந்த நரம்பு திரும்ப வராது. மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை விற்பது சட்டப்படி குற்றம்.

லேசிக் அறுவைக்குப் போகிறவர்களுக்குக் கண் வறட்சி மிகச் சாதாரணமான பின்விளைவு. கையெழுத்து வாங்கும் முன் அதை விளக்குவது மருத்துவரின் கடமை. முன்பே வறட்சி இருக்கிறதா என்று சோதித்தார்களா என்று நீங்களும் கேளுங்கள். மருத்துவக் குறிப்புகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. மருந்தால் கேடு நேர்ந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே புகார் செய்யலாம். கட்டணம் வாங்கிய மருத்துவமனையின் கவனக்குறைவென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்களுக்கு இது பொருந்தாது. புட்டியையும் பில்லையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, இதுவரை விட்ட சொட்டு மருந்துகள் எல்லாவற்றையும், அலர்ஜிக்கும் மன அழுத்தத்துக்கும் முகப்பருவுக்கும் விழுங்கும் மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அந்த மாத்திரைகளே கண்ணை உலர்த்துவதுண்டு. என்ன வகை வறட்சி என்பதைக் கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.