காளானுக்குக் கொஞ்சம் வெயில்

சந்தையில் வாங்கிய சிப்பிக் காளானை உடனே அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். முதலில் மொட்டைமாடிக்குக் கொண்டு போங்கள்.

காளானின் செல் சவ்வில் எர்கோஸ்டெரால் என்றொரு பொருள் இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் அது வைட்டமின் டி2-ஆக மாறுகிறது. பறித்த பிறகும் இந்த மாற்றம் நடக்கும் என்பதுதான் வேடிக்கை! இருட்டறையில் வளர்த்த காளானில் இந்த வைட்டமின் மிகமிகக் குறைவு. நறுக்கி, குடையின் அடிப்பக்க மடிப்புகள் மேலே தெரியும்படி தட்டில் பரப்பி, உச்சி வெயிலில் கால் மணி முதல் அரை மணி நேரம் வையுங்கள். 100 கிராம் காளானில் சுமார் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி சேரக்கூடும். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை ஏறக்குறைய 15 மைக்ரோகிராம். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் பலனில்லை; அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். சமைத்தாலும் வைட்டமின் பெரும்பகுதி தங்கும்.

காளானை மருந்தென்று சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானில் ஷீட்டாகே காளானிலிருந்து 1969-இல் லென்டினான் என்ற பீட்டா குளுக்கானை (ஒருவகைக் கூட்டுச் சர்க்கரை)ப் பிரித்தெடுத்தார்கள். இரைப்பைப் புற்றுநோய்க்குக் கீமோதெரபியுடன் சேர்த்து அதை ஊசியாகப் போட்டார்கள். காளான் சூப் குடித்தாலே அந்த ஊசியின் பலன் கிடைக்கும் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை: மழைக்குப் பின் வேலியோரம் முளைக்கும், வகை தெரியாத காளானைத் தொடவே வேண்டாம். சில வகைகளின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது.